லைட்ரூமா, டிஜிகாமா, டார்க்டேபிளா? படம் குவிந்தபின் எதைக் கற்பது

தவறிப்போன பாட்டிக்கு மாலை போட்டு மாட்ட, முகம் நேராகத் தெரிகிற ஒரு படம் வேண்டும் என்று ஒரு குடும்பம் ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்கிறது. நான்கு வருடத்துக்கு முன் காரிமங்கலத்தில் பேத்தியின் கல்யாணத்தில் எடுத்த படம். அந்தக் கல்யாணத்தில் மட்டும் 3,000 படம். பாட்டி எதில் இருக்கிறார், அது எந்த ஹார்டு டிஸ்க்? பென்னாகரம் பக்கம் நடுகல் தேடி அலைகிற ஓர் ஆசிரியருக்கும் இதே கதிதான். புலியோடு போராடி இறந்த வீரனுக்கு நட்ட புலிக்குத்திப்பட்டான் கல் ஒன்றின் படத்தை ‘நியூ ஃபோல்டர் 7’-க்குள் தேடிக்கொண்டிருக்கிறார். இருவரிடமும் படத்தைத் திருத்தும் மென்பொருள் இருக்கிறது. கேட்ட படம் கேட்ட நேரத்தில் கைக்கு வரும்படியான ஒழுங்குதான் இல்லை.

ஆகவே லைட்ரூம், டிஜிகாம், டார்க்டேபிள் என்று படத்தை அடுக்கவும் திருத்தவும் உதவும் மென்பொருள்களில் ஒன்றைப் புதிதாகக் கற்கப் போகிறவர் வெளிச்சம், நிறம் பற்றிக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். நாம் உட்கார்ந்து போடும் பெயரும் ஊரும் நட்சத்திரமும் எங்கே எழுதப்படுகின்றன? படக் கோப்புக்குள்ளேயா, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பிலா, மென்பொருளின் சொந்தக் கணக்குப் புத்தகத்திலா, வெளியே ஒரு நிறுவனத்தின் சர்வரிலா? திருத்தும் கருவி பிடிக்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஐந்து வருடமாகப் போட்ட பெயர்களைக் கூடவே எடுத்துப்போக முடியவில்லை என்றால் அந்த உழைப்பு அங்கேயே புதைந்துவிடும்.

லைட்ரூம் கிளாசிக்: வேகம் இருக்கிறது, கணக்குப் புத்தகம் அதனுடையது

அடோபியின் லைட்ரூம் 2007-ல் வந்தது. கணினியில் உள்ள ஃபோல்டர்களை வைத்து வேலை செய்யும் பதிப்புக்கு 2017 முதல் லைட்ரூம் கிளாசிக் என்று பெயர். வெறும் ‘லைட்ரூம்’ என்று விற்பது கிளவுடை நம்பி இயங்கும் வேறொரு மென்பொருள். நிறுவும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஸ்டுடியோவுக்குத் தேவை கிளாசிக்.

கல்யாணச் சீசனில் இதற்கு ஈடு சொல்வது கடினம். முகூர்த்தத்தில் ஒரே விளக்கின் கீழ் எடுத்த 200 படங்களில் ஒன்றைத் திருத்திவிட்டு, மீதி 199-க்கும் ஒரே சொடுக்கில் ‘சிங்க்’ செய்யலாம். மண்டபத்து மஞ்சள் விளக்கும் வீடியோக்காரரின் வெள்ளை எல்இடியும் கலந்து முகத்தில் பாதி ஆரஞ்சு, பாதி நீலம் விழும் இடங்களில், ஆளை மட்டும் தானாகத் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றும் வசதி உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. 8 ஜிபி ரேம் இருந்தால் ஓடும். 16 இருந்தால்தான் நிம்மதி. இரைச்சல் நீக்கும் ஏஐ வசதியை மட்டும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் நம்பாதீர்கள். ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும்.

சிக்கல் கேட்டலாக்கில் இருக்கிறது. நீங்கள் செய்யும் அத்தனையும் கேட்டலாக் என்ற அதன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் போய் உட்காரும். படங்கள் அதற்குள் இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரி மட்டும்தான் உண்டு. இதை விளங்கிக்கொள்ளாமல், விண்டோஸில் ஃபோல்டரை இழுத்து வேறிடத்தில் போட்டால் லைட்ரூமில் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் முளைக்கும். படம் அழியவில்லை, முகவரிதான் தவறியது. கேள்விக்குறி உள்ள ஃபோல்டரை வலது சொடுக்கி, காணாமல் போன ஃபோல்டரைத் தேடும் கட்டளையைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஃபோல்டரை நகர்த்துவதென்றால் லைட்ரூமுக்குள்ளேயே நகர்த்துங்கள். வெளி ஹார்டு டிஸ்க் ஒருநாள் ‘ஈ’ டிரைவாகவும் மறுநாள் ‘எஃப்’ டிரைவாகவும் வந்தாலும் இதே கோளாறுதான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்குக்கு ஒரு நிலையான எழுத்தைக் கொடுத்துவிடலாம்.

மூடும்போது ‘பேக்கப் எடுக்கவா’ என்று லைட்ரூம் கேட்பது கேட்டலாக்கை மட்டும்தான். அதற்குச் சம்மதித்துவிட்டு, படங்களும் பத்திரம் என்று இருந்துவிடக் கூடாது. படங்களைத் தனியாக நீங்கள்தான் நகலெடுக்க வேண்டும்.

நிறுவியவுடன் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. கேட்டலாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பக்கத்துக்குப் போய், மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுதும் வசதியை இயக்குங்கள். வரும்போது அது அணைந்தே வருகிறது. இயக்கினால் ரா கோப்புகளுக்கு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் எழுதும் மூலக்கோப்புகளுக்கு, பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பு உருவாகி, குறிச்சொல், நட்சத்திரம், திருத்த எண்கள் எல்லாம் அதிலும் பதியும்; ஜேபெக் என்றால் படத்துக்குள்ளேயே பதியும். கேட்டலாக் கெட்டாலும் பெயர்கள் மிஞ்சும். ஆனால் நீங்கள் உருவாக்கும் கலெக்‌ஷன்களும் (படத் தொகுப்புகள்) மெய்நிகர் நகல்களும் (ஒரே படத்துக்கு வேறொரு திருத்தம்) எக்ஸ்எம்பிக்குப் போவதில்லை, அவை கேட்டலாக்கோடு கட்டுண்டவை. ‘ஆல்பத்துக்குத் தேர்ந்தவை’ என்று கலெக்‌ஷன் போட்டால், அதே சொல்லைக் குறிச்சொல்லாகவும் சேர்த்துவிடுங்கள்.

லைட்ரூம் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. சந்தா நின்றால் எல்லாம் போய்விடும் என்ற பயம் பாதிதான் சரி. கிளாசிக் திறக்கும், படங்களைத் தேடலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் மட்டும் பூட்டிக்கொள்ளும்.

டிஜிகாம்: அடுக்குவதற்கென்றே பிறந்தது

டிஜிகாம் இலவசம், திறமூலம். 2001-ல் தொடங்கிய திட்டம் இன்றும் வளர்கிறது. தோற்றம் பழையதாக இருக்கிறது என்று பலர் முதல் நாளே மூடிவிடுகிறார்கள். அவசரப்படாமல் இருப்பது நல்லது, ஏனெனில் பெயரிடுவது, தேடுவது, ஒரே மாதிரி படங்களைப் பிடிப்பது ஆகிய மூன்றிலும் கட்டண மென்பொருள்களுக்கு இது குறைந்ததில்லை.

முதல்முறை திறக்கும்போது சில கேள்விகள் கேட்கும். படங்கள் எங்கே என்று கேட்டால் உங்கள் ஃபோல்டரைக் காட்டுங்கள். தரவுத்தளத்தை எங்கே வைப்பது என்று கேட்டால் கணினியின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் காட்டுங்கள். வெளி டிஸ்கிலோ நெட்வொர்க்கிலோ வைத்தால் மந்தமாகும், கெடவும் வாய்ப்புண்டு. பிறகு வருவதுதான் முக்கியமான கேள்வி: விவரங்களைக் கோப்புகளில் எழுதவா, வேண்டாமா? எழுதச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் குறிச்சொற்கள் தரவுத்தளத்துக்குள் மட்டும் தங்கிவிடும். லைட்ரூமைக் குறை சொல்லிவிட்டு இங்கே வந்து அதே குழியில் விழுவதில் அர்த்தமில்லை.

அடுத்து, செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பக்கத்தில் ரா கோப்புக்குள் நேரடியாக எழுதும் வசதி ஒன்று தெரியும். அதைத் தொட வேண்டாம். கேமரா எழுதிய மூலக்கோப்பை இன்னொரு மென்பொருள் திருத்துவது எப்போதும் ஆபத்து. துணைக்கோப்பில் எழுதவும் படிக்கவும் உள்ள இரண்டு பெட்டிகளையும் டிக் செய்யுங்கள். துணைக்கோப்பின் பெயரிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. டிஜிகாம், படத்தின் முழுப்பெயருக்கும் ரா பின்னொட்டுக்கும் பிறகு எக்ஸ்எம்பி என்று சேர்க்கும். லைட்ரூமோ ரா பின்னொட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எக்ஸ்எம்பி போடும். பெயர் வேறாக இருப்பதால் ஒன்று எழுதியதை மற்றொன்று பார்க்காது. லைட்ரூமும் கூடவே ஓடும் கணினி என்றால், வணிக மென்பொருள்களுக்கு ஏற்ற பெயரிடும் வசதியை டிஜிகாமில் இயக்கிக்கொள்ளுங்கள். டார்க்டேபிளோடு சேர்த்துப் பயன்படுத்தினால் இருக்கிறபடியே விடுங்கள். அந்த இரண்டும் ஒரே முறையில்தான் பெயர் வைக்கின்றன.

பாட்டி இனி கிடைப்பார். முகங்களைக் கண்டறியும் வசதிக்குத் தேவையான மாதிரிக் கோப்புகளை முதலில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். அவை பெரியவை என்பதால் மொபைல் டேட்டாவில் வேண்டாம். அதன்பின் ஒரு ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்து, முக்கியமான நபர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கோணத்தில் சில முகங்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அடையாளம் காணச் சொல்லுங்கள். 40,000 படத்தையும் முதல் இரவே ஸ்கேன் போடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் ஆயிரக்கணக்கான ‘தெரியாத’ முகங்கள் வந்து நிற்கும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் உட்பட. அதைப் பார்த்த மலைப்பிலேயே வேலை நின்றுவிடும். பரிந்துரைக்கப்பட்ட பெயரை நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் அது உறுதியான பெயராகக் கோப்பில் ஏறும்.

நடுகல் ஆவணப்படுத்துகிறவருக்கு இதன் மரக்கிளை போன்ற குறிச்சொற்கள் பெரிய வரம். ‘நடுகல்’ என்ற கிளையின் கீழ் ‘புலிக்குத்திப்பட்டான்’, ‘ஆநிரை மீட்டல்’. ‘எழுத்து’ என்பதன் கீழ் ‘வட்டெழுத்து’, ‘தமிழ்’, ‘எழுத்தில்லை’. ‘ஒளி’ என்பதன் கீழ் ‘காலைச் சாய்வொளி’, ‘நண்பகல்’. தேய்ந்த எழுத்து பக்கவாட்டு வெயிலில் மட்டும்தான் தெரியும் என்பதால் கடைசிக் கிளையும் பயன்படும். இடத்துக்கான கிளையில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தருமபுரி 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே ஒரே கல், பழைய நூலில் தருமபுரி மாவட்டம், இன்றைய வரைபடத்தில் கிருஷ்ணகிரி. ‘தற்போதைய மாவட்டம்’, ‘நூலில் உள்ள மாவட்டம்’ என்று இரண்டு கிளை வையுங்கள். வட்டங்களும் பிரிந்துகொண்டே இருப்பதால் ஊர்ப்பெயரை வட்டத்துக்குள் அடைக்காமல் தனிக் கிளையாக வைப்பது நல்லது. டிஜிகாமில் ஒரு கிளையைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் போடலாம்தான். ஆனால் அந்தக் கிளையில் உள்ள எல்லாப் படத்தின் விவரமும் திரும்ப எழுதப்பட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் தரவுத்தளம் ஒன்று சொல்லும், கோப்பு ஒன்று சொல்லும். மெயின்டெனன்ஸ் பகுதியில் இரண்டையும் ஒத்திசைக்கும் வேலை இருக்கிறது. அதை ஓடவிட்டுச் சரிசெய்யலாம்.

அதன் பலவீனம் திருத்துவதில். ராவைத் திறக்கும், வெட்டும், நேராக்கும். அதற்கு மேல் அதை வருத்த வேண்டாம்.

டார்க்டேபிள்: திருத்தத்துக்கு, பொறுமை உள்ளவருக்கு

2009-ல் வந்த டார்க்டேபிளும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செய்த திருத்தத்தை எக்ஸ்எம்பி துணைக்கோப்பில் எழுதுவது அதன் இயல்பு. படத்தையும் துணைக்கோப்பையும் சேர்த்து வேறு கணினிக்கு எடுத்துப்போனால் திருத்தமும் கூடவே போகும். இந்தக் குணத்துக்காகவே எனக்கு அதன்மேல் மதிப்பு.

ஒகேனக்கல் நண்பகல் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு பழகுங்கள். வெள்ளையாகச் சிதறும் நீரும் கருத்த பாறையும் ஒரே சட்டத்தில் இருக்கும். முதல் அதிர்ச்சி, திறந்தவுடன் படம் மங்கிப்போவது. சிறுபடமாகத் தெரிந்தது கேமரா தானே சமைத்து ராவுக்குள் வைத்த ஜேபெக். திறந்தபின் தெரிவது சமைக்காத ரா. எதுவும் கெட்டுப்போகவில்லை. ‘எக்ஸ்போஷர்’ தொகுதியில் பாறையும் மரமும் சரியாகத் தெரியும்வரை ஏற்றுங்கள். நீர் வெளுத்துப்போகிறதே என்று அங்கேயே குறைக்க வேண்டாம். அடுத்துள்ள ‘சிக்மாய்டு’ அல்லது ‘ஃபில்மிக்’ தொகுதிதான் வெளுத்த பகுதியை மடக்கிக் கொண்டுவரும். இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் சேர்த்து இயக்கினால் படம் சப்பென்று ஆகும். வெள்ளைச் சமநிலைக்கு ‘கலர் கேலிப்ரேஷன்’ இருக்கிறது. பழைய ‘ஒயிட் பேலன்ஸ்’ தொகுதியையும் கூடவே தள்ளிப்பார்க்கிறவர்களுக்கு நிறம் விநோதமாகும், எச்சரிக்கையும் காட்டும். கேமராவின் சென்சாரிலேயே முழுக்க எரிந்துபோன நுரையை மட்டும் எந்த மென்பொருளும் மீட்காது. அதற்கு எடுக்கும்போதே குறைவான வெளிச்சத்தில் எடுத்திருக்க வேண்டும்.

தொகுதிகள் ஏராளம். முதல் மாதம் எக்ஸ்போஷர், கலர் கேலிப்ரேஷன், சிக்மாய்டு, கிராப், லென்ஸ் கரெக்‌ஷன், டிநாய்ஸ் என்ற ஆறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு படத்தின் திருத்தத்தைப் பல படங்களுக்குக் கொடுக்க, படங்களை வரிசையாகக் காட்டும் லைட்டேபிள் பகுதியில் அந்தப் படத்தின் மேல் கன்ட்ரோல்-சி, மற்றவற்றின் மேல் கன்ட்ரோல்-வி.

லைட்ரூமிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு: குறிச்சொல்லும் நட்சத்திரமும் எக்ஸ்எம்பி வழியாக வரும். திருத்தத்தில் ஏதோ கொஞ்சம்தான் வரும், அதுவும் அதே தோற்றத்தில் வராது. முடித்த கல்யாணங்களை லைட்ரூமிலிருந்தே முழு அளவு ஜேபெக்காக எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். டார்க்டேபிளின் புதிய பதிப்புக்கு மாறும்போது அதன் நூலகக் கோப்பு புது வடிவத்துக்கு மாற்றப்படும், பழைய பதிப்பு அதைத் திறக்காது. சீசன் நடுவில் பதிப்பு மாற்ற வேண்டாம்.

டிஜிகாமும் டார்க்டேபிளும் ஒரே துணைக்கோப்பில் எழுதுவதால் ஒரே நேரத்தில் இரண்டையும் திறந்து வைக்கக் கூடாது. பெயர் போடுவதை டிஜிகாமில் முடித்து மூடுங்கள், பிறகு டார்க்டேபிள். அதன் செட்டிங்ஸில், திறக்கும்போது மாறியிருக்கும் எக்ஸ்எம்பி கோப்புகளைத் தேடும் வசதியை இயக்கினால் புதுக் குறிச்சொற்கள் தாமாக வந்துவிடும்.

கூகுள் போட்டோஸ், ஆல்பத் தாள்

கைபேசிப் படம் மட்டும் உள்ள குடும்பத்துக்கு கூகுள் போட்டோஸின் தேடல் அருமை. இலவச 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் முதல் ‘சுருக்கிய’ படங்களும் அதில் கணக்காகின்றன. பேக்கப் ஆன படத்தைச் செயலியில் அழித்தால் கைபேசியில் மட்டுமல்ல, கணக்கிலும் அழியும். 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். வெளியே வர, எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும் டேக்அவுட் என்ற வழி உண்டு, ஆனால் அங்கே நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய விவரமும் படத்துக்குள் வராமல் ஜேசான் என்ற தனி எழுத்துக் கோப்பாக வரும். ஸ்டுடியோவுக்கு இது ஒத்துவராது, கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ரா 25 எம்பி என்றால் 3,000 படத்துக்கு 75 ஜிபி. நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 17 மணி நேரம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், உள்ளே உள்ள விவரங்களும் உதிரும். செந்தூரா மாம்பழத்தின் சிவப்பை வியாபாரிக்கு அப்படியே காட்ட வேண்டிய கிருஷ்ணகிரி தோட்டக்காரர் அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புவது நல்லது.

ஆல்பம் வடிவமைப்பு வேறு வேலை. 12×36 அங்குலத் தாள், 300 டிபிஐ என்றால் 3,600×10,800 புள்ளிகள். பிஎஸ்டி (போட்டோஷாப் கோப்பு) மாதிரித் தாள்களை வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு போட்டோஷாப் இல்லாமல் ஆகாது. ஜிம்ப் அவற்றைத் திறக்கும், ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், கிளிப்பிங் மாஸ்க் எல்லாம் முழுமையாக வராது. ஜிம்ப் ராவைத் தானாகத் திறக்காது, டார்க்டேபிளையோ ராதெரபியையோ துணைக்கு அழைக்கும்.

தமிழில் பெயர் போடும்போது

எந்த மென்பொருளை எடுத்தாலும் தேடலைக் கெடுப்பது எழுத்துதான். ஆல்பத்தில் பெயர் எழுத உதவும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் குறிச்சொல் அடித்தால், உள்ளே பதிவது பொருளற்ற ரோமன் எழுத்துகள். யூனிகோடில் மட்டும் அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டால் வேகம் வரும்.

யூனிகோடிலும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறியோடு அடிக்காமல், கொம்பு போட்டு ‘ள’ சேர்த்து ‘கெளரி’ என்று அடித்தால் பார்வைக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு சொல். ‘ஸ்ரீ’ எழுத்துக்கு ஸகரத்தில் தொடங்கும் குறியீடும், ‘ஶ’-வில் தொடங்கும் குறியீடும் உள்ளன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ‘தருமபுரி’, ‘தர்மபுரி’ இரண்டும் புழங்குகின்றன, ஒன்றை முடிவு செய்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரை ஒவ்வொரு முறையும் அடிக்காமல், இருக்கிற குறிச்சொல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பழக்கம் இவை எல்லாவற்றையும் தடுக்கும்.

நேரமும் அப்படித்தான். இரண்டு கேமராவில் எடுத்த கல்யாணத்தில் ஒரு கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தியிருந்தால், தாலி கட்டியபின் கெட்டிமேளம் வரும். மூன்று மென்பொருளிலும் மொத்தப் படங்களின் நேரத்தைத் தள்ளும் வசதி உண்டு. கைபேசி பதியும் பயணப்பாதையான ஜிபிஎக்ஸ் தடத்தோடு படங்களை இணைக்கிறவர், உலக நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள 5 மணி 30 நிமிட வித்தியாசத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 5 மணி என்று கொடுத்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டிக்கு அரை மணியில் 20 கிலோமீட்டர் பிழை. கல் வேறு ஊரில் போய் நிற்கும்.

எடுப்பது எதை

மாதம் இரண்டு மூன்று கல்யாணம் பிடிக்கும் ஸ்டுடியோ லைட்ரூம் கிளாசிக்கை எடுக்கட்டும். சந்தாக் காசை முதல் கல்யாணத்தின் நேர மிச்சமே ஈடுகட்டும், ஆல்பத்துக்கு போட்டோஷாப் எப்படியும் வேண்டும். ஆனால் எக்ஸ்எம்பி எழுதுவதை முதல் நாளே இயக்க வேண்டும், மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இருக்க வேண்டும். கேட்டலாக் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது அது கெடுவதற்கு ஒரு முக்கியக் காரணம். நடுகல், கோயில், பறவை என்று பல வருடம் சேர்த்து வைக்கும் ஆசிரியருக்கும் ஆர்வலருக்கும் டிஜிகாம். ரா எடுப்பவராக இருந்தால் கூட டார்க்டேபிள். மாணவர்களும் சந்தா இல்லாமல் அதே முறையில் கூடச் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதால் இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஜேபெக் மட்டும் எடுப்பவர் டார்க்டேபிளைக் கற்க மெனக்கெட வேண்டாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 200 படங்களை நகலெடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்து, புது மென்பொருளில் திறந்து, 20 படத்துக்குத் தமிழில் குறிச்சொல்லும் நட்சத்திரமும் போடுங்கள். மென்பொருளை மூடுங்கள். அந்த ஃபோல்டரைத் துணைக்கோப்புகளோடு பென் டிரைவில் எடுத்துப்போய், வேறொரு கணினியில் வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். 20 படத்திலும் பெயர் தெரிந்தால் அந்த மென்பொருளிலும் உங்கள் செட்டிங்ஸிலும் குறையில்லை. தெரியவில்லை என்றால் மேலே சொன்ன எழுதும் வசதி அணைந்திருக்கும், அல்லது துணைக்கோப்பின் பெயர் முறை மாறியிருக்கும்.

மாறுவதற்கு ஏற்ற காலம் ஆடி. முகூர்த்தம் இல்லாத அந்த மாதத்தில், முதல் வாரம் எல்லாப் படங்களையும் இரண்டாவது டிஸ்கில் நகலெடுத்து முடியுங்கள். இரண்டாம் வாரம் 200 படச் சோதனை. மூன்றாம் வாரம் குறிச்சொல் மரத்தைத் தாளில் எழுதி, பிறகு மென்பொருளில் ஏற்றுங்கள். பழைய படங்களைப் பின்னோக்கி, ஒரு நாளைக்கு ஒரு ஃபோல்டர் என்று செய்தால் போதும். ஆவணியில் வரும் முதல் கல்யாணத்தின் மெமரி கார்டு நேராகப் புது முறையில் இறங்கட்டும், இரண்டு டிஸ்கிலும் ஏறி முடியும்வரை அந்தக் கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள்.